வாசலுக்கு வந்த கார்

துவாக்குடியில் காற்றாலைக்கு டவர் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பச்சைப் பலகை. ‘விபத்தால் வேலைநாள் இழக்காத நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே நான்கு எண்களை மாட்டியிருப்பார்கள். தினமும் காலை ஏழரைக்கு செக்யூரிட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கடைசி எண்ணைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டுவார். ஆடிக் காற்றில் பலகை தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த அந்தப் புதன்கிழமை அதில் 1071 என்று இருந்தது. பச்சைப் பொய். உள்ளது உள்ளபடி மாட்டியிருந்தால் 76தான். இது தெரிந்தவர்கள் கம்பெனியில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் தூக்கம் கெட்டது ஷெர்லினுக்கு மட்டும்.

ஷெர்லின்தான் அங்கே பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் அதிகாரி. முப்பத்தொரு வயது, மேலப்புதூர்க்காரி. டவர் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஏழு இலக்குகள் கொடுத்திருந்தது. கரிப்புகையைக் குறை, தண்ணீரைக் குறை, பிளாஸ்டிக்கைக் குறை, விபத்தே ஆகாதே என்று வரிசையாக. உலகத்துக்குச் சுத்தமான மின்சாரம் தரப்போகிற காற்றாடிக்குத் தூண் செய்கிறவன் அழுக்காக இருக்கலாமா என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஷெர்லினும் அதை மனதார நம்பினாள். அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவள் கெட்டவள் இல்லை, கெட்டிக்காரி. கெட்டிக்காரத்தனத்தில்தான் வினை வந்தது.

டவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். குழாயில் காற்றோடு இரும்புப் பொடியைப் பீய்ச்சி அடிக்கிற வேலை. அடிக்கிறவர் கழுத்து வரை மூடிய தொப்பி போட்டிருப்பார். தொப்பியின் கண்ணாடி மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பொடி பட்டுப் பட்டு அது மங்கும்போது கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு. கிழித்துப் போட்ட தாள் மூட்டை மூட்டையாகச் சேர்வதை ஷெர்லின் பார்த்தாள். இனி ஆளுக்கு நாளைக்கு ஒன்றே ஒன்று என்றாள். பிளாஸ்டிக் குப்பை பாதிக்குப் பாதி குறைந்தது. கம்பெனியின் ஆண்டறிக்கையில் அவள் படம் வந்தது. அம்மா சகாயம்மாள் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் தொப்பியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள், பலகையில் 995 என்று இருந்தபோது, பொடி அடித்துக்கொண்டிருந்த பிச்சமுத்து தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் கைக்குழாயிலிருந்து ஒரு பொடி வலது கண்ணில் அடித்தது.

“கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு” என்றார் டாக்டர். “அஞ்சு நாள் தலைய ஒசத்தி வச்சுப் படுத்தே இருக்கணும். குனியக் கூடாது, குலுங்கக் கூடாது. திரும்பக் கசிஞ்சா கண்ணு போயிடும்.” இதைக் காதால் கேட்டவள் ஷெர்லின்.

மறுநாள் பிச்சமுத்து வேலைக்கு வரவில்லை என்றால் பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், அது வெறும் முதலுதவி, விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை என்பது கம்பெனி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். ஆயிரத்துக்கு ஐந்தே நாள் பாக்கி. ஆயிரம் வந்தால் அடுத்த ஆர்டர் நிச்சயம். ஜி.எம். செந்தமிழன் பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டே, “என்னம்மா பண்ணலாம்?” என்று மட்டும்தான் கேட்டார். அந்த மனிதரைத் திட்டுவதற்கு வேறு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் பதில் சொன்னது ஷெர்லின்தான்.

“வீட்டுக்கே கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்துடலாம் சார். சும்மா உக்காந்திருக்கட்டும்.”

அப்படித்தான் நவ்ஷாத் ஓட்டிய கம்பெனி கார் ஐந்து நாளும் ஸ்ரீரங்கத்துக்குப் போனது. மேலூர் பக்கம் ஒரு சந்தில் பிச்சமுத்துவும் அவர் மனைவி செல்லக்கிளியும் குடியிருந்தார்கள். பச்சைமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அவள் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறவள். அங்கிருந்து துவாக்குடி வரை இருபத்தைந்து கிலோமீட்டர், வழியெல்லாம் வேகத்தடை. கண்ணில் கட்டோடு வந்தவரை முதலுதவி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வேலை கொடுத்ததாக இருக்க வேண்டுமே என்று கையுறைகளை எண்ணி அடுக்கச் சொன்னார்கள். அவரும் ஒற்றைக் கண்ணால் குனிந்து குனிந்து எண்ணினார். மூன்றாம் நாள் பால்பண்ணை அருகே கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அன்று சாயந்திரம், “உள்ள என்னமோ கொதிக்கிற மாதிரி இருக்கு மேடம்” என்றார். “இன்னும் ரெண்டே நாள்ண்ணே” என்றாள் ஷெர்லின். ஆயிரமாவது நாள் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். அவரும் சாப்பிட்டார்.

வலது கண் போய்விட்டது. ஜன்னல் எது, சுவர் எது என்பது மட்டும் தெரிகிறது.

அதற்குப் பிறகு பதினோரு ஞாயிறு வந்து போயின. ஷெர்லின் ஒரு ஞாயிறுகூட சர்ச்சில் பூசையின்போது, சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்க எழுந்து போகவில்லை. பாவத்தை வைத்துக்கொண்டு நாக்கை நீட்ட அவளுக்குத் துணிச்சல் இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால், அவர் முதலில் கேட்கப்போவது, “அந்த ஆளுக்கு என்ன செஞ்சே?” என்பதைத்தான். அவள் ஒன்றும் செய்திருக்கவில்லை. பெஞ்சை விட்டு நகராமல் முழங்காலில் நின்றபடி, முன்னால் போகிறவர்களின் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஏன்டி, ரெண்டு மாசமா நன்மை வாங்கல? ஊருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?” என்று சகாயம்மாள் அரித்தெடுத்தாள்.

“காப்பி குடிச்சுட்டேம்மா” என்று ஒவ்வொரு வாரமும் ஒரே பொய். நன்மை வாங்க வெறும் வயிற்றோடு போக வேண்டும்.

இதில் மரவள்ளிக்கிழங்கு வேறு. “கம்பெனி மேடத்துக்குக் குடுங்க” என்று செல்லக்கிளி ஊரிலிருந்து வந்த கிழங்கில் ஒரு பை நிறைய நவ்ஷாத்திடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு வைத்தாள். ஷெர்லினுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அந்த ஆடியில் தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனை நடந்தது. பிச்சமுத்து வேலைக்குத் தகுதியில்லை என்று முடிவு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஆபீசில் யாரோ ‘பழைய குறைபாடு’ என்று எழுதிவிட்டார்கள். மாதக் கடைசியோடு வேலை போய்விடும். பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் வேலையில் அடிபட்டவர் என்று நாலு இடத்தில் நின்று கேட்கலாம். அந்த வரி இல்லாதவரை அவர் கண் தெரியாத ஓர் ஆள், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் புனேயிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். அமைதியான மனிதர், இரண்டு பேனா வைத்திருந்தார். ஏழு இலக்குகளையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கண் பரிசோதனைப் பட்டியலில் நின்றுவிட்டார். ஒற்றைக் கண்ணோடு ஒருவரை இத்தனை வருஷம் இந்த வேலையில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவரை வீட்டில் போய்ப் பார்க்கிறேன் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.

“நீயே கூடப் போம்மா” என்றார் செந்தமிழன். காரின் கதவைத் தானே திறந்துவிட்டு, குரலை இறக்கி, “பார்த்துப் பேசு. கேட்ல ஒரு வேலை போட்டுக் குடுத்துடலாம்னு அந்தாளுகிட்டயே ஏற்கெனவே சொல்லியிருக்கேன்” என்றார்.

அதே கார், அதே நவ்ஷாத். பால்பண்ணைப் பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது. கார் குலுங்கியபோது ஷெர்லின் தன்னையறியாமல் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். பாலத்துக்குக் கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. புனேக்காரர் கைப்பேசியில் படம் பிடித்தார்.

வீடு ஒற்றை அறைதான். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பிச்சமுத்து கட்டிலோரத்தில் உட்கார்ந்து, வந்தவர்களை இடது கண்ணால் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார். கண் எப்படிக் கெட்டது என்று கேட்கச் சொன்னார் புனேக்காரர். ஷெர்லின் கேட்டாள். பிச்சமுத்து அவளையே பார்த்தார்.

“என்னத்தச் சொல்றதுங்க மேடம். வயசாச்சுல்ல” என்றார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. புனேக்காரர் எழுதிக்கொண்டு பேனாவை மூடப் போனார். அதற்குள் டீயோடு வந்த செல்லக்கிளி, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். தன் புருஷனுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆதங்கம்.

“அவரு வாயே தொறக்க மாட்டாரு. நான் சொல்றேன், நீங்க இந்த சாருகிட்ட எடுத்துச் சொல்லுங்க மேடம். கண்ணுல அடிபட்ட மறுநாளே எங்க வாசலுக்குக் கார் வந்துச்சு. ஒரு நாளில்ல, அஞ்சு நாளு! படுத்துக்கெடக்கணும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா கம்பெனியில விட மாட்டேன்னுட்டாங்க, பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டாங்க. இந்தச் சந்துல எங்களுக்குன்னு கார் வந்தது அதான் மொத தடவ. தெருவே நின்னு பாத்துச்சு. எந்தக் கம்பெனியில இப்படிப் பண்ணுவாங்க, சொல்லுங்க?”

பிச்சமுத்து தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது ஷெர்லினுக்கு அந்த நொடியில் புரிந்தது. தெரிந்தும் வீட்டில் சொல்லவில்லை.

என்ன சொல்கிறார் என்று புனேக்காரர் கேட்டார்.

கம்பெனிக்கு நன்றி சொல்கிறார் என்றால் போதும். அதுவும் பொய்யில்லை. அந்த வார்த்தை ஷெர்லினின் நாக்கு நுனி வரை வந்தது. செல்லக்கிளி ஒரு தட்டில் வெந்த கிழங்கை வைத்து அவள் முன்னால் நீட்டினாள். “சாப்புடுங்க மேடம், போன தடவ அனுப்புனது புடிச்சுதா?”

ஷெர்லின் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அடிபட்ட மறுநாளிலிருந்து ஐந்து நாள் கார் வந்ததாக இவர் சொல்கிறார் என்றாள். அந்தக் காரை அனுப்பச் சொன்னவள் நான் என்றாள். டாக்டர் சொன்னது, கையுறை எண்ணியது, மூன்றாம் நாள் பள்ளம், பதிவேட்டில் இல்லாத வரி, நாளைக்கு ஒன்று என்று தான் குறைத்த பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் சொன்னாள். படித்துப் பழகிய ஆங்கிலம், அறிக்கை எழுதுகிற ஆங்கிலம். கடகடவென்று வந்துவிட்டது. பலகை பூஜ்யத்துக்குப் போகும், ஆர்டரும் போகலாம், தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றாள். விபத்து என்று பதிவாகும்படி நான் எழுதுகிறேன் என்றார் அவர். பதினோரு வாரத்தில் முதல் முறையாக ஷெர்லினுக்கு மூச்சு நெஞ்சு வரை இறங்கியது.

அது ஒரு நிமிஷம்தான்.

“என்ன மேடம் சொன்னீங்க?” என்றாள் செல்லக்கிளி. “நான் நல்லதுதானே சொன்னேன். அவரு மொகம் ஏன் இப்படிப் போச்சு?”

இப்போது தமிழில் சொல்ல வேண்டும். ஷெர்லின் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவளுக்கெதிரே உட்கார்ந்தாள். அறிக்கைக்கு எழுதத் தெரிந்த வார்த்தை ஒன்றும் அங்கே உதவவில்லை.

“அக்கா, அந்தக் கார் அண்ணனைப் பாத்துக்கிறதுக்காக வரலக்கா. அவரு லீவு போட்டா கம்பெனி போர்டுல நம்பர் போயிடும்னு நாங்க கூட்டிட்டுப் போனோம். வீட்டுல படுத்திருந்தா கண்ணு பொழைச்சிருக்கும். டாக்டர் சொன்னாரு. எனக்குத் தெரியும்.”

செல்லக்கிளி திட்டுவாள், தட்டைப் பிடுங்கி எறிவாள் என்று ஷெர்லின் காத்திருந்தாள். அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். வேண்டியும் இருந்தது.

செல்லக்கிளி அவள் பக்கமே திரும்பவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“நீங்க போகலன்னுதானே சொன்னீங்க” என்றாள். “மூணாவது நாளு, தலைய தூக்க முடியல, படுத்துக்கிறேன்னு சொன்னீங்கல்ல. நாந்தானே கைய புடிச்சு எழுப்பினேன். கார் வாசல்ல வந்து நிக்குது, மருவாதி தெரியாமப் படுத்திருக்கீங்களேன்னு நாந்தானே சட்டைய மாட்டி அனுப்பினேன்.”

“விடு கிளி” என்றார் பிச்சமுத்து.

“தப்பு என்னோடதுக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஷெர்லின் அவள் கையைப் பிடித்தாள். அது அவள் காதில் ஏறவே இல்லை. கையை உருவிக்கொண்டு, புனேக்காரரைப் பார்த்து, அவருக்குத் தமிழ் புரியும் என்பதுபோல, “நாந்தாங்க அனுப்பினேன். நாந்தான் அனுப்பினேன்” என்றாள்.

அவர் பேனாவைத் திறந்துகொண்டு, இப்போது என்ன சொல்கிறார் என்று ஷெர்லினைக் கேட்டார்.

“தான்தான் அனுப்பியதாகச் சொல்கிறார். அதை மட்டும் எழுதாதீர்கள். அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள்” என்றாள் ஷெர்லின்.

அவர் எழுதிக்கொண்டார். செல்லக்கிளி அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.