மாடு தொடாத பூ

லெனோர் சில்வேராவுக்கு அந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. கலிஃபோர்னியாவின் கடலோர மேட்டில் அவளும் தம்பி அமாரோவும் பால்மாடு மேய்க்கும் புல்வெளியில், மார்ச் பிறந்தால் போதும், திட்டுத்திட்டாகக் காட்டு ஐரிஸ் ஊதா நிறத்தில் கிளம்பிவிடும். நார்போன்ற கசப்பு இலை. பசித்த கன்றுகூட முகர்ந்துவிட்டு விலகிப்போகும். முப்பது வருஷமாக மண்வெட்டியால் கொத்திப் பார்த்துவிட்டாள். கொத்திய இடத்தில் இரண்டாக முளைத்தது.

எனவே பக்கத்து நிலத்தை வாங்கிய விட்கோம் என்ற நகரத்துக்காரர், வந்த முதல் நாளே வேலியோரம் மண்டியிட்டு அந்தப் பூவைப் படமெடுத்தபோது, ஆளை எடைபோட அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அமாரோ, அங்க பாரு. புதுத் துரை களைக்குக் கும்பிடு போடுறாரு."

"நமக்கென்னக்கா? பூட்ஸ் நல்லா இருக்கு."

"அதுல சாணி பட்டா அழுதுருவாரு."

மறுவாரம் விட்கோம் வேலிக்கு வந்து பாடம் நடத்தினார். "இது இந்த மண்ணோட பூ. உங்க மாடுங்கதான் இதை அழிக்குது. பழைய சொந்தக்காரர் உங்களை இங்க மேய்க்கவிட்டாராம். இனிமே என் நிலத்துல ஒரு குளம்பு படக்கூடாது."

"சரிங்க துரை," என்றாள் லெனோர். அவர் திரும்பி நடந்ததும் காறித் துப்பினாள்.

முதல் வசந்தத்தில் அவர் பக்கம் பூ கொட்டிக் கிடந்தது. உட்கார்ந்து ரசிக்கப் பெஞ்சு போட்டார். அடுத்த வருஷம் பாதிதான். மூன்றாம் வருஷம் மேய ஆளில்லாத புல் இடுப்பளவு வளர்ந்து, காய்ந்து, பாய் மாதிரிப் படுத்துவிட்டது. கடல் பக்கமிருந்து புதர் ஏறிவந்தது. பெஞ்சைக்கூடக் காணோம். கம்பிக்கு இந்தப் பக்கம், லெனோரின் மாடுகள் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய தரையில், ஊதா அலையடித்தது.

பூ பார்க்க முப்பது பேரை அழைத்திருந்த விட்கோம் பால் கறக்கும் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"உங்க பக்கம் மட்டும் எப்படி? என்ன உரம் போடுறீங்க?"

"நான் எங்க போடுறேன்? மாடு போடுது." லெனோர் வாளியை நகர்த்தினாள். "மாடு பூவைத் திங்காது துரை. பூவை மூடுற புல்லைத்தான் திங்கும். இது மாட்டுக்குத் தெரியுது. உங்களுக்குப் புரிய மூணு வருஷம் ஆச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்க கேட்டீங்க?"

உண்மையில் அவளுக்கும் அது அந்த வசந்தத்தில்தான் உறைத்தது. அதை இந்த ஆளிடம் ஒப்புக்கொள்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

விருந்து ரத்தானது. விட்கோம் கேட்டுக்கொண்டபடி அமாரோ புதரை வெட்டினான். லெனோரின் நாற்பது கிடாரிகள், இன்னும் ஈனாத இளம் பசுக்கள், வேலி தாண்டிப் போய் மேய்ந்தன. இரண்டு வருஷம் கழித்து அவர் பக்கமும் பூ திரும்பியது. விட்கோம் மறுபடி விருந்து வைத்தார். அக்கா, தம்பி இருவரையும் கூப்பிட்டார்.

கையில் கோப்பையோடு அவர் பேசினார். "அஞ்சு வருஷம் இந்தப் பூவுக்குக் காவல் இருந்தேன். பொறுமை, பாதுகாப்பு, அவ்வளவுதான் ரகசியம்." மாடு என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அக்கா, வாயைத் திறக்காதே," என்று அமாரோ முணுமுணுத்தான்.

அவளும் திறக்கவில்லைதான். வெள்ளைச் செருப்புப் போட்ட ஒரு அம்மாள் பூவருகே போய், "ஐயோ, காலுல என்ன இது?" என்று அலறும்வரை.

"அதுவாம்மா?" என்றாள் லெனோர், கூட்டத்துக்கே கேட்கும்படி. "இவரோட தோட்டக்காரங்க விட்டுட்டுப் போனது. நாப்பது பேரு. ஒருத்தியையும் விருந்துக்குக் கூப்பிடலை."

அமாரோதான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். விட்கோம் காது சிவக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை அவரே கொட்டகைக்கு வந்து, கிடாரிகளை மறுபடி எப்போது அனுப்புவாள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். லெனோர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னும் பதினோரு மாடு கறக்கணும். நில்லுங்க."

அவர் நின்றார்.