பனமலை ஏரியில் பெண் பார்த்தது

பட்டுப்புடவையை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு, பூங்குழலி பனமலை ஏரிக்கரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மேலே மலைக்கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயில் என்றால் சாமி கும்பிடப் போனோம், கும்பிட்டோம், வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று தடவை தெருவுக்குத் தெரிந்துபோனதில் அவள் நைனா அரிகிருஷ்ணன் கற்றுக்கொண்ட சூட்சுமம் அது. பனமலைக் கோயில் என்றதும் பூங்குழலி மறுபேச்சு பேசாமல் தலையாட்டினாள். பெண்ணுக்கு ஒருவழியாக மனசு இறங்கிவிட்டது என்று அம்மா ராஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயிலுக்குக் கீழே ஏரி இருப்பது பாவம் அந்த அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை.

பூங்குழலிக்கு முப்பத்தைந்து வயது. செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஆறு நாளும் ஊரார் ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பாள்; ஏழாம் நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்குக் கிளம்பிவிடுவாள். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த அந்தக் கேமரா, வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லோருடைய கண்ணையும் உறுத்தியது. காபி குடித்து முடித்ததும் யாராவது ஓர் அத்தை மெதுவாகக் கேட்பாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் நின்னுடும்ல?" நைனா அவசரமாக, "நின்னுடும், நின்னுடும்," என்பார். "நிக்காது," என்பாள் பூங்குழலி. அதோடு சரி, தட்டில் இருக்கும் மிச்ச மிக்சரைக்கூடச் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார்கள்.

அவளுக்குக் கல்யாணம் பிடிக்காது என்றில்லை. பிடிக்கும். லேபை மூடிவிட்டு வருகிற சாயங்காலங்களில் இன்றைக்கு இதைப் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து அந்த ஆளை வாங்க அவளுக்கு மனமில்லை. அதனால்தான் இந்தத் தடவை, பெரியவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, தரகரிடம் நம்பர் வாங்கி மாப்பிள்ளைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'நான் விடியக்காலையிலயே ஏரியில இருப்பேன். முடிஞ்சா வாங்க, பேசணும்.' பதில் வரவில்லை. வராது என்றுதான் அவளும் நினைத்தாள்.

இப்போதைக்கு அவள் கவலை மாப்பிள்ளையைப் பற்றியது அல்ல. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டடி தள்ளி, கோரைக்கு நடுவே, தண்ணீரில் மிதக்கும் பாசிக் குவியல் ஒன்றின் மேல் முக்குளிப்பான் அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழிக்குஞ்சைவிடச் சற்றுப் பெரிய பறவை. செம்பழுப்புக் கழுத்து, அலகு தொடங்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. வாரா வாரம் வந்தும் அதன் முகம் முழுதாகப் படத்தில் விழவில்லை. சரியாகக் கண்ணுக்கு நேரே ஒரு கோரைக்கொத்து நந்தி மாதிரி குறுக்கே நின்றது. அதை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும் என்று போன வாரம் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் ஒரு காலை வைத்தும்விட்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு கரையேறினாள்.

பின்னால் பைக் சத்தம். கரையோரம் மேய்ந்த நாமக்கோழிகள் தண்ணீருக்குள் ஓடின. நடு ஏரியில் மிதந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி மலையைச் சுற்றிப் பறந்தது. முக்குளிப்பான் அவசர அவசரமாக அலகால் பாசியை இழுத்து முட்டைகள் மேல் போட்டுவிட்டு, தண்ணீருக்குள் முங்கிக் காணாமல் போனது. பூங்குழலி திரும்பிப் பார்த்தாள். கண் கூசும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், ஊருக்கே மணக்கும் சென்ட். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வேறு எப்படி வருவான்?

"நான் எழிலன்," என்றான். "தொண்டூர். லேட்டாயிடுச்சா?"

தொண்டூரில் பிறந்து, செஞ்சியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். தலையில் அங்கங்கே நரை. திட்டவும் முடியாமல், வாங்க என்று சிரிக்கவும் முடியாமல் அவள் எழுந்து உட்கார்ந்தாள். எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான். கூட்டைக் காட்டினாள். அவனுக்குக் கோரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "அந்தக் கொத்துதான் மறைக்குது. அதால ஒரு படம்கூட உருப்படியா அமையல," என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, கேமராவுக்கு வேறு பேட்டரி எடுக்க ஸ்கூட்டி நின்ற புளியமரத்தடிக்குப் போனாள்.

எழிலனிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எதுவோ சரியில்லை என்று காதில் விழுந்தால் அவன் கை சும்மா இருக்காது. பட்டறைக்கு வராத மோட்டாரைக்கூடத் தேடிப்போய்த் திறந்து பார்க்கிற ஆள். அவள் திரும்பி வந்தபோது, பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு அவன் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் பிடுங்கிய கோரை.

"குப்பையும் நெறைய கெடந்துச்சி, எடுத்து உட்டுட்டேன்," என்றான் பெருமையாக. "இப்ப எடுங்க, பளிச்சுனு உழும்."

மூன்று முட்டைகளும் திறந்த வெளியில் வெயில் பட்டுக் கிடந்தன. பூங்குழலி தண்ணீர் விளிம்புக்கு ஓடினாள்.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க!" குரல் அவளையறியாமல் உயர்ந்துவிட்டது. "அது குப்பை இல்ல. கெளம்பும்போது பறவையே முட்டைய மூடிட்டுப் போன பாசி. காக்கா பாத்தா ஒண்ணு மிஞ்சாது."

எழிலன் முகம் செத்துப்போய்விட்டது. கையிலிருந்த கோரையைப் பார்த்தான், முட்டைகளைப் பார்த்தான். எனக்கெப்படித் தெரியும் என்று கேட்பான், அல்லது ஒரு பறவைக்குப்போய் இவ்வளவா என்று சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். இரண்டில் எதைச் சொன்னாலும் புடவையைப் பிரிக்காமலே வண்டியைக் கிளப்பிவிடலாம்.

"இப்ப இன்னா பண்ணணும், சொல்லுங்க," என்றான்.

அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. "அந்தப் பாசியையே எடுங்க. காஞ்சது வேணாம், ஈரமா இருக்கிறது. மேலாக்கப் போடுங்க, அழுத்திடாதீங்க." அவன் குனிந்தான். மயிரிழைச் செப்புக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றிப் பழகிய விரல்கள். ஒவ்வோர் இழையாக எடுத்துத் தண்ணீரை வடியவிட்டு முட்டைகளின் மேல் பரப்பினான். பிடுங்கிய கோரையையும் பழைய இடத்திலேயே சேற்றில் ஊன்றி நிறுத்தினான். அது சாய்ந்தது. மறுபடி ஊன்றினான்.

கரையேறியதும் அவள், "சட்டையக் கழட்டுங்க," என்றாள்.

"ஆங்?"

"வெள்ள. அது தூரத்துலயே பாத்துடும். வராது."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே சட்டையைக் கழற்றச் சொன்ன கதை செஞ்சி வட்டாரத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அவன் கழற்றினான். உள்ளே பழைய பனியன், விலாப்பக்கம் நூல் விட்டுப் போயிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டே கரைச் சரிவில் அவளுக்கு ஒரு முழம் தள்ளிக் குப்புறப் படுத்தான்.

தண்ணீர் அடங்கியது. பறவை வரவில்லை. அதற்குப் பதிலாகக் காக்கை வந்தது. பட்ட கருவேல மரத்தில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கூட்டையே பார்த்தது. எழிலன் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தான்.

"எந்திரிக்காதீங்க. நாம எந்திரிச்சா முக்குளிப்பான் வரவே வராது."

"காக்கா எறங்கிடுச்சின்னா?"

தான் அந்தக் கோரையைக் குறை சொல்லாமல் இருந்திருந்தால் இவன் தண்ணீரில் இறங்கியே இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. "எனக்கும் அதைப் பிடுங்கணும்னு இருந்துச்சி," என்றாள், ஏரியைப் பார்த்தபடியே. "போன வாரம் காலைக்கூட வச்சேன்." அவன் கல்லைக் கீழே வைத்தான்.

"எங்கம்மா ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க," என்றான். "கல்யாணத்துக்கு அப்புறம் இது—"

"நிக்காது."

"ஞாயித்துக்கெழமையா?"

"எல்லா ஞாயித்துக்கெழமையும்."

அவன் யோசித்தான். இவன் எழுந்து போய்விடக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. இதற்கு முன் வந்தவர்கள் போனபோது இப்படி இருந்ததில்லை.

"எனக்குக் கறிக்கொழம்பு ஒண்ணுதான் வைக்க வரும்," என்றான். "ஞாயித்துக்கெழமன்னா சரியா இருக்கும். வேற நாள்னாதான் கஷ்டம்."

சிரிப்பை அடக்க அவள் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் காக்கை கீழே இறங்கியது. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு பாசி இழையைக் கொத்தி இழுத்தது. இன்னொன்றை இழுத்தது. எழிலன் மண்ணில் விரல்களைப் புதைத்துக்கொண்டான். இருவரும் எழுந்துவிடத்தான் போனார்கள். அதற்குள் கோரைக்கு அந்தப்பக்கம் தண்ணீர் கொப்பளித்தது. முங்கிப் போன பறவை திடுதிப்பென்று மேலே வந்து, சிறகுகளைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு, கிலிகிலி என்று கத்தியபடி காக்கையை நோக்கி ஓடியது. அத்தனை சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று காக்கை எதிர்பார்த்திருக்காது. எழும்பி மரத்துக்குக்கூடப் போகாமல் அக்கரைப் பக்கம் போய்விட்டது.

முக்குளிப்பான் கூட்டைச் சுற்றி வந்தது. ஊன்றிவைத்த கோரையைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு ஒரு எம்பு எம்பி மேலேறி, பாசியை அலகால் விலக்கிவிட்டு, முட்டைகள் மேல் உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து அமர்ந்தது. பூங்குழலியின் கேமரா படபடவென்று அடித்தது. கோரை இப்போதும் குறுக்கேதான் நின்றது. கண்கள் நிறைந்துவிட்டதால் அவளுக்கு அதுகூடச் சரியாகத் தெரியவில்லை.

"வந்துடுச்சா? எனக்கு ஒண்ணும் தெரியலியே," என்றான் எழிலன், வாயசைவில்.

அவள் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினாள். கேமராவை இருவருக்கும் நடுவில் மண் மேட்டின்மேல் வைத்து நகர்ந்து இடம் விட்டாள். அவன் வலது கண்ணை வைத்தான். இடது கண்ணை மட்டும் மூட அவனுக்கு வரவில்லை. மூடினால் இரண்டும் மூடிக்கொண்டன, திறந்தால் இரண்டும் திறந்துகொண்டன. "ரெண்டும் ஒண்ணாவே மூடிக்கினு வருது," என்று பரிதாபமாகச் சொன்னான்.

மலைப்படியில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. அதில் நைனாவின் குரலும் இருந்தது. "இங்கதாங்க எங்கியாவது இருக்கும், சாமி கும்புடுற புள்ள," என்று யாரிடமோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூங்குழலி திரும்பிப் பார்க்கவில்லை. மண் படிந்த உள்ளங்கையைக் குவித்து அவன் இடது கண்ணின்மேல் வைத்து மூடினாள். அவன் ஆடாமல் அசையாமல் கிடந்தான். இமை மட்டும் அவள் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

"தெரியுது," என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை.