எல்லாமே இடது பக்கம்

கம்பெனியில் எனக்குத் தத்தி என்று பெயர். மேனேஜர், மெஷினில் உட்காரும் பெண்கள், பார்சல் கட்டுகிறவர் எல்லோருக்கும் நான் தத்திதான். புதிதாகச் சேர்கிறவள்கூட மூன்றாம் நாளே 'தத்தி அக்கா' என்று ஆரம்பித்துவிடுவாள். அக்கா போட்டுக் கூப்பிடுகிறாளே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனி எங்களுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கால்சட்டையெல்லாம் நீளம் குறைகிறது என்று ஒரு பள்ளிக்கூடம் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. மேனேஜர் மடிப்புத் தைக்கிற அக்காவை நிற்க வைத்துக் கத்து கத்தென்று கத்தினார். அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கால்சட்டை குறையலை சார், பசங்கதான் வளர்ந்துட்டாங்க" என்றேன். அப்புறம் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரியான தத்தி!" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அக்கா தப்பித்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யார் கையால் தப்பு நடந்தாலும், "தத்திதான் சார்" என்று என்னைக் காட்டுவார்கள். நான் எதையாவது உளறுவேன், அவர் சிரிப்பார், விஷயம் முடிந்துவிடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பொய் சொல்வானேன்? கதையில் வருகிற முட்டாள் கடைசியில் ராஜகுமாரியைக் கட்டிக்கொள்கிறான். அதையெல்லாம் எழுதினவர்கள் ஒரு நாளாவது வேலைக்குப் போயிருப்பார்களா என்று தெரியவில்லை.

வேலையில் நான் தத்தி கிடையாது. வெட்டுமேஜையில் எண்பது அடுக்குத் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, அளவு அட்டைகளை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டு மெஷினை ஓட்டுவேன். தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், வெட்டினதை ஒட்ட முடியாது. பதினோரு வருஷத்தில் நான் வெட்டி வீணான துணி என்று ஒரு முழம் கிடையாது. என் வீட்டுக்காரரின் தங்கச்சி, என் நாத்தனார், வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது நான்தான் மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். எட்டு மாதம் பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்துக் கோடு போடக் கற்றுக்கொடுத்தேன்.

போன மாதம் வெட்டுப்பிரிவு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். "உங்கள்ல ஒருத்தருக்குத்தான் அந்த இடம். வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார் மேனேஜர். அந்த இடம் எனக்கு வேண்டும். அது கிடைத்தால் தத்தி என்று கூப்பிட ஒருத்திக்காவது வாய் கூசும். நாத்தனாரிடம் சொன்னேன். "உங்களை விட்டா வேற யாரு அண்ணி?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தபோது அவள் சட்டைத் துணியை வெட்டியிருக்கிறாள். சட்டைக்கு முன்பக்கம் இரண்டு, இடது ஒன்று, வலது ஒன்று. ஒரு அட்டையை நேராக வைத்தால் இன்னொன்றைப் புரட்டி வைக்க வேண்டும். அவள் இரண்டையும் ஒரே மாதிரி வைத்துவிட்டாள். வழக்கமான துணியாக இருந்தால் பாதியைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிடலாம், இரண்டு பக்கமும் ஒரே நிறம். இது ஒரு பக்கம் மட்டும் சாயம் ஏறிய துணி. நான் திரும்பி வந்து பார்த்தால் நூற்று அறுபது இடது பக்கம், வலது ஒன்றுகூட இல்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, நான் சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. நீங்க சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாரு. உங்க கால்ல விழறேன்" என்றாள். மேஜையைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். யார் வெட்டினது என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் வந்து, "யாரு வெட்டினது?" என்றார். "நான்தான் சார். வலது பக்கத்தை நாளைக்கு வெட்டிக்கலாம்னு இருந்தேன்" என்றேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் வெட்டுமேஜையைச் சுற்றி நிற்க வைத்து, சூப்பர்வைசர் என்று என் நாத்தனாரின் பெயரைச் சொன்னார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். மேனேஜரே என் பக்கம் திரும்பினார். "உன்னைத்தான்மா நெனச்சிருந்தேன். ஆனா இடது வலது தெரியாம வெட்டறவளை எப்படி அங்க உக்கார வைக்கறது? அன்னிக்குச் சாயங்காலமே உன் நாத்தனார் வந்து அந்த இடத்தைக் கேட்டுட்டா. அண்ணி பாவம் சார், வீட்லயும் இப்படித்தான், நான் இருந்தா பாத்துக்குவேன்னா. நல்ல பொண்ணு."

அன்றைக்குச் சாயங்காலமே! என் காலில் விழுகிறேன் என்றவள், எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு நேராக அவர் அறைக்குத்தான் போயிருக்கிறாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே இங்கே வலிக்கிறது, நெஞ்சுக்கு நடுவில்.

நான் மேஜைமேல் இருந்த அட்டையை எடுத்தேன். "சார், இது இடது. இப்படிப் புரட்டினா வலது. ரெண்டையும் புரட்டாம வச்சதால வந்த வினை அது. பழைய துணியில ரெண்டு பக்கமும் ஒண்ணு, அதனால இந்தத் தப்பு இத்தனை நாள் வெளியே தெரியலை" என்று கடகடவென்று சொன்னேன். மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் கண் சுருங்கியது.

"இவ்வளவு தெரிஞ்சுமா அப்படி வெட்டினே? அப்போ வேணும்னே பண்ணியா?"

"வெட்டினது நான் இல்ல சார். இவ. நான் சாப்பிடப் போயிருந்தேன். இவங்களைக் கேளுங்க."

ஐந்து பேரும் இருந்தார்கள். மடிப்புத் தைக்கிற அக்காவும் இருந்தாள், முதல் முதலில் நான் காப்பாற்றிய அதே அக்கா. குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்கும் திடீரென்று நகம் அழகாகிவிட்டது. அடிப்பாவிகளா! உங்களில் யாருக்காக நான் உளறாமல் இருந்தேன்?

நாத்தனார்தான் பேசினாள், கொஞ்சம்கூடத் தடுமாறாமல். "சார், கோவிச்சுக்காதீங்க. வேணும்னெல்லாம் பண்ணலை. அண்ணிக்கு இதெல்லாம் தெரியாது. இனிமே தப்பு வரக்கூடாதேன்னு நேத்து வீட்ல நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை அப்படியே ஒப்பிக்கறாங்க."

மேனேஜர் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கலைந்து போகும்போது அவள் என் காதருகில், "நல்லவேளை அண்ணி, நான் சமாளிச்சேன். இல்லேன்னா உங்க வேலையே போயிருக்கும்" என்றாள். அதை மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாருக்குப் போச்சு, தங்கச்சிக்குத்தானே? கேக்கப் போறேன்னு அன்னிக்கே எங்கிட்ட சொன்னா. உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என்றார். அப்புறம் அழுகைகூட வரவில்லை. குட்டக் குட்டக் குனிகிறவள் முட்டாள் என்றால், இந்த வீட்டிலும் எனக்குத் தத்தி என்றுதான் பெயர் இருந்திருக்கிறது. என் முன்னால் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை புதுத் துணி வந்தது. சின்னக் குழந்தைகளின் கவுனுக்கு, வரிசை வரிசையாகப் பறவை அச்சடித்த துணி. நாத்தனார் தானே முன்னால் நின்று விரிக்கச் சொன்னாள், தானே அட்டைகளை வைத்தாள். துணி மிச்சமாகட்டும் என்று ஒரு அட்டையை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்திருந்தாள். ஒரே நிறத் துணிக்கு அப்படி வைக்க நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பறவைத் துணிக்கு அது ஆகாது என்று சொல்லிக் கொடுக்கிற நாள் வரவில்லை. இப்படி வெட்டினால் பாதிக் கவுனில் பறவையெல்லாம் தலைகீழாகத் தொங்கும்.

மெஷினைக் கையில் பிடித்தவள் தயங்கினாள். மேனேஜர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதடு அசையாமல், "சரியா இருக்கா அண்ணி?" என்றாள்.

என் கை தன்னால் அட்டைப் பக்கம் போனது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நீ சொல்லிக் கொடுத்தாத்தானே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எது தப்பு என்று தெரியவில்லை, அத்தனை பேருக்கு முன்னால் இன்னொரு முறை கேட்கவும் முடியவில்லை. மேனேஜர் கண்ணாடியைத் தட்டி, "ம், ஆகட்டும்" என்று கை காட்டினார். அவள் சுவிட்சைப் போட்டாள். எண்பது அடுக்கிலும் கத்தி ஒன்றாக இறங்கியது.