ஐந்தாவது பூட்டு

ட்ரூடி ஆம்ஸ்பாக்குக்கு ஒரு வாரமாகவே இருப்புக் கொள்ளவில்லை. எல்க் மான் வேட்டைக் காலம் முடிய நான்கே நாள்தான் பாக்கி. வீட்டில் பெரிய ஃப்ரீசரைத் திறந்தால் ஒரு பொட்டலம் பட்டாணியும் ஐஸ் கட்டியும்தான் கண்ணில் படுகின்றன. கணவன் ரஸ் வடக்கு டக்கோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டும் அடுப்பங்கரையையே விழுங்கிவிடுகிற வயசு. ஒரு மான் விழுந்தால் அடுத்த இலையுதிர்காலம் வரை இறைச்சிக் கவலை இல்லை. விழாவிட்டால் கடைக்குப் போய் மாட்டிறைச்சியின் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் ட்ரூடி, ஹேட்டி ஓடைக் காட்டுப் பாதையின் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். அந்தப் பக்கம் முழுக்க அரசாங்கக் காடு. யார் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் கேட்டுக்கு அப்பால் நடந்துதான் போக வேண்டும். எஞ்சின் சத்தம் கேட்டால் எல்க் மந்தை ஒரே இரவில் மலைமுகட்டைத் தாண்டிவிடும். அதற்காகத்தான் கேட்டும் பூட்டும். இது மொன்டானாவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணில் புத்தம் புது டயர் தடம். நள்ளிரவு தாண்டியோ விடியற்காலையிலோ எவனோ சொகுசாக உள்ளே போயிருக்கிறான்.

"நாசமாப் போறவன்" என்று வாய்விட்டே சொன்னாள்.

மூன்று வருடமாக இதே கதை. மூன்று வருடமாக அவளும் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டமீறலைச் சொல்வதற்கென்று ஒரு எண் இருக்கிறது. எட்டு முறை கூப்பிட்டிருப்பாள். எட்டு முறையும் ஒரு தூங்குமூஞ்சிக் குரல் குறித்துக்கொள்வதாகச் சொல்லும், அதோடு சரி.

ஆனால் இந்த முறை அவளிடம் சரக்கு இருந்தது. அந்தக் கேட்டை இழுத்துக் கட்டியிருக்கும் சங்கிலியில் பூட்டுகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். வனத்துறைக்கு ஒன்று, மரம் வெட்டுகிற ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, கோடையில் மாடு மேய்க்க உரிமை வாங்கிய பண்ணைக்காரருக்கு ஒன்று, மின்கம்பி ஆட்களுக்கு ஒன்று. அவரவர் பூட்டை அவரவர் சாவியால் திறந்தால் போதும், சங்கிலி கழன்றுவிடும். போன வாரம் எண்ணிப் பார்த்தால் ஐந்து பூட்டு. ஐந்தாவது ஒரு பித்தளைப் பூட்டு. பண்ணைக்காரரைக் கேட்டாள், மர ஒப்பந்தக்காரரைக் கேட்டாள், மின்சார ஆபீசுக்கும் போன் போட்டாள். ஒவ்வொருவரும் அது மற்றவருடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒரு கில்லாடி தன் பூட்டையும் நைசாக நடுவில் கோத்துவிட்டு, திருட்டுத்தனத்தை உரிமை மாதிரி நடத்திக்கொண்டிருக்கிறான்.

கேட்டின் மேல் கம்பியில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று ஒன்பதாவது முறையாகக் கூப்பிட்டாள்.

"அஞ்சு பூட்டு இருக்கு, சொந்தக்காரங்க நாலே பேரு. பித்தளைப் பூட்டு யாருதும் இல்ல. நான் விசாரிச்சுட்டேன். ஆள் இப்ப உள்ளதான் இருக்கான்."

"சரிங்க மேடம். குறிச்சுக்கறேன்."

"ஆமா, குறிச்சு குறிச்சு நோட்டே தீர்ந்திருக்கும். என் பேர் ஆம்ஸ்பாக். அதையும் குறிச்சுக்க."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து, அந்த டயர் தடத்தை மிதித்துக்கொண்டே நடந்தாள்.

அவள் கோபம் பலித்ததோ என்னவோ, அன்று அதிர்ஷ்டமும் கூடவே நடந்தது. ஐந்து மைல் உள்ளே, ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில், எட்டரை மணிக்கு ஒரு பெண் எல்க் தனியாக வெளியே வந்து நின்றது. ஒரே குண்டு. பத்தடி போய் விழுந்தது. ட்ரூடி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு தன் பெயர் போட்ட வேட்டை உரிமச் சீட்டில் அன்றைய தேதியைக் கிழித்துக் குறித்து, அதை மானின் காலில் கட்டிவிட்டு, கத்தியை எடுத்தாள்.

நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் பிரித்துத் துணிப்பைகளில் போட்டு மரக்கிளையில் தொங்கவிட்டு முடிக்கும்போது மணி பதினொன்று. அப்போதுதான் அவளுக்குக் கவலை தொடங்கியது. நவம்பர் மாதம் முழங்கால் பனியில் நிற்க வேண்டிய காடு, அன்றைக்கென்று வெயில் காய்ந்தது. அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தாள். நான்கு நடை. ஒவ்வொரு நடைக்கும் போக ஐந்து மைல், வர ஐந்து மைல். நாளை மாலை ஆகிவிடும். இந்த வெயிலில் எலும்பை ஒட்டிய சதை அதற்குள் புளித்துவிடும். அதற்கு முன்னால் கரடிக்கு மூக்கு இருக்கிறது. மேலே இரண்டு காக்கைகள் வந்து அதிகாரம் செய்யத் தொடங்கியாயிற்று.

ஒரு பின்னங்காலை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். ஒரு மைல் வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூச்சு வாங்க நின்ற இடத்தில், பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

சுமையோடு பாதை நடுவில் போய் நின்றாள். வரட்டும், மூன்று வருடத்து வார்த்தை அத்தனையும் அவனுக்காகத்தான் சேர்த்து வைத்திருக்கிறாள். அவள் மனதில் அவனுக்கு ஒரு முகமே இருந்தது: வெளிமாநில நம்பர், பெரிய தொப்பி, காசுத் திமிர்.

வளைவில் திரும்பி வந்தது லைல் கெட்னரின் பச்சை பிக்கப் வண்டி.

லைல் எதிர் வீட்டுக்காரர். அறுபத்தேழு வயசு. ரஸ் ஊரில் இல்லாத குளிர்காலங்களில், கேட்காமலே வந்து அவள் வீட்டு வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறவர்.

கண்ணாடியை இறக்கிவிட்டு அவர்தான் பேசினார். "என்னம்மா, நடு ரோட்டுல சிலை மாதிரி நிக்கற?"

"லைல், நீங்களா?"

"நான்தான். வேற யாரை எதிர்பார்த்த, சாண்டா கிளாஸையா?"

"அந்தப் பித்தளைப் பூட்டு?"

"என்னுதுதான்." அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. "முப்பது வருஷம் இந்தப் பாதையில நடந்தவன் நான். இடுப்புல இரும்பு வெச்ச பிறகு அரை மைல் நடந்தா கண்ணுல பூச்சி பறக்குது. வீட்ல உக்காந்து டிவியில மான் பாக்கச் சொல்றியா?"

"தப்புன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. திட்டணும்னா ஏறி உக்காந்து திட்டு. மீதி எங்க தொங்குது? ஓடை பிரியற இடத்துலயா?"

"நான் ஏற மாட்டேன்."

"சரி, ஏறாத. கரடி நல்லா சாப்பிடும்." அவர் அவள் முதுகைப் பார்த்தார். "உன் பசங்க சாப்பிட வேண்டியத அது சாப்பிடும். எனக்கென்ன."

ட்ரூடி வானத்தைப் பார்த்தாள். சூரியன் உச்சிக்கு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஃப்ரீசரில் கிடந்த பட்டாணிப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. முன்பு போட்ட எட்டு போனில் எதற்கும் ஒரு ஈ காக்கா வந்ததில்லை, இன்றைக்கு மட்டும் வந்துவிடப் போகிறதா? சுமையை இறக்கி வண்டியின் பின்னால் போட்டாள். ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

திரும்பிப் போய் மீதியையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார்கள். காலையில் இரண்டு மணி நேரம் நடந்த தூரம், மரங்கள் சர்சரென்று பின்னால் ஓட, கால் மணியில் பாதி தீர்ந்தது. சுகமாக இருந்தது. அந்த நிமிடம் அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காலை ஆட்டினாள், கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.

"எறும்பு கடிக்குதா?" என்றார் லைல்.

"பேசாம ஓட்டுங்க."

இரண்டாவது மைலில் ஒரு இளம் ஜோடி நடந்து வந்தார்கள். வண்டியைக் கண்டதும் ஓரத்துப் புதரில் ஒதுங்கி நின்றார்கள். முதுகில் மூட்டை, ஆரஞ்சு மேல்சட்டை, வியர்வை. அந்தப் பெண் வண்டிக்குள் பார்த்த பார்வை ட்ரூடிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்று வருடமாக அவளே பார்த்த பார்வை. தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். அவமானத்தில் காது மடல் சூடேறியது.

கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ட்ரூடி முதலில் இறங்கி, தான் சுமந்த காலைத் தூக்கிக் கேட்டுக்கு அருகே வைத்தாள். லைல் நொண்டிக்கொண்டே இறங்கிப் போய்ப் பித்தளைப் பூட்டைத் திறந்தார். பூட்டு திறந்தது, சங்கிலி கழலவில்லை. யாரோ மற்ற நான்கு பூட்டுகளையும் நேராகக் கோத்துப் பூட்டிவிட்டு, அவருடையதை மட்டும் ஒரு ஓரத்தில் சும்மா தொங்கவிட்டிருந்தார்கள்.

"அடடே" என்றார் லைல் மெதுவாக.

ட்ரூடிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஒரு நாள்தான் கிடைத்ததா இந்த வனத்துறைக்காரர்களுக்கு?

சங்கிலிச் சத்தம் கேட்டு, மரங்களுக்குப் பின்னாலிருந்து வனத்துறை ரேஞ்சர் ஒருத்தி வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. சட்டையில் கென்ட்ரா என்று பெயர் தைத்திருந்தது. வணக்கம் சொல்லி, லைலின் உரிமத்தை வாங்கிப் பார்த்து, வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மானை யார் சுட்டது?"

"இந்தம்மா. நடந்து போய்த்தான் சுட்டா" என்றார் லைல், ட்ரூடி வாயைத் திறப்பதற்குள். "ஒரு காலை முதுகுல கட்டிக்கிட்டு கேட்டு வரைக்கும் நடந்தே வந்துட்டா. மீதிய நான்தான் அவளைக் கேக்காம எடுத்துக்கிட்டு வந்தேன். என் வண்டி பக்கமே வர மாட்டேன்னுட்டா. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்படியா மேடம்? வண்டியில ஏத்திக் கொண்டு வந்ததுல உங்களுக்குப் பங்கு இருந்தா இறைச்சிய நான் எடுத்துக்கணும். அதான் கேக்கறேன்."

"ஆமா" என்றாள் ட்ரூடி. "அவர் சொல்றதுதான்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

கென்ட்ரா மானின் காலில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். முகம் மலர்ந்தது. "ஆம்ஸ்பாக்! காலைல போன் பண்ணினது நீங்கதானா? அஞ்சு பூட்டு, நாலு சொந்தக்காரங்க. அது மட்டும் சொல்லலேன்னா நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம். ரொம்ப நன்றி மேடம். நீங்க இறைச்சிய எடுத்துட்டுப் போகலாம்."

லைல் திரும்பி ட்ரூடியைப் பார்த்தார். ஒரு வினாடிதான். சொன்னதை மாற்றவில்லை. வண்டியின் பின்னால் போய், ஒரு தொடையைத் தூக்கி, துணிப்பையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, கேட்டுக் கம்பி மேல் பதமாக வைத்தார். அடுத்ததற்குக் கை நீட்டும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

அந்தத் தட்டிவிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள்.

"நான் வண்டியிலதான் வந்தேன்" என்றாள். "நாலாவது மைல்ல ஏறினேன். அவரோட சேர்ந்துதான் மீதிய ஏத்தினேன். கொஞ்ச நேரம் முன்னாடி சொன்னது பொய்."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாம்மா நீ" என்றார் லைல் சலிப்போடு.

கென்ட்ரா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மலர்ந்த முகம் சுருங்கிப்போயிருந்தது. "அப்போ உங்க பேரையும் எழுதணும். இறைச்சியும் போயிடும். புரியுதா?"

"புரியுது. எழுதுங்க."

நான்கு கால்களும் முதுகுச் சதையும் ரேஞ்சரின் வண்டியில் ஏறின. ஊரில் இலவச உணவு கொடுக்கிற இடத்துக்குப் போகும் என்றாள் கென்ட்ரா. லைலின் பச்சை வண்டியும் அங்கேயே நின்றது. விசாரணை முடிகிற வரை அது அவருக்கில்லை. ஆகவே அவர் ட்ரூடியின் வண்டியில்தான் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. நாற்பது மைல்.

முதல் பத்து மைல் ட்ரூடி சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது, ரஸ்ஸிடம் என்ன சொல்வது என்று அவள் மனம் அலைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் லைல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை தடவை போன் பண்ணின?" என்றார் கடைசியில்.

"ஒன்பது. நீங்கன்னு தெரியாது லைல். சத்தியமா தெரியாது."

"அது தெரியும். நான் கேக்கறது வேற." அவர் திரும்பி உட்கார்ந்தார். "நான்னு தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பியா?"

அவர் மனதைத் தேற்ற வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதனால் யோசிக்காமல் பதில் சொன்னாள். "ச்சே, பண்ணியிருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. அந்த ஜோடி புதரில் ஒதுங்கி நின்றதை நினைத்துக்கொண்டாள். அவர்கள் என்னவாவது ஆகட்டும் என்று விட்டிருப்பாள், லைல் என்று மட்டும் தெரிந்திருந்தால். முகம் எரிந்தது. இன்னும் முப்பது மைல் இருந்தது.