முழுகாத மூன்று மாதம்

அன்று வியாழக்கிழமை. குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்தபோது என் கணவரின் அக்கா, மச்சாள் பாலாம்பிகை, கொரிடோரில் நின்று என் தலையைப் பார்த்தாள். முகத்தை அல்ல, தலையை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய பின்னல் ஈரமில்லாமல் இருந்தது. "ம்" என்று திருப்தியாக ஒரு சத்தம் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். அந்த ஒற்றை "ம்"முக்காகவே அவளை ஒருநாள்... வேண்டாம், காலையிலேயே வாயைக் கெடுப்பானேன்.

லண்டன் எட்மண்டனில் எங்கள் கவுன்சில் பிளாட்டில் சுடுதண்ணீருக்கு ஒரு சுவிச் உண்டு. இமர்ஷன் என்பார்கள். போட்டால் சின்னச் சிவப்பு லைற் எரியும், அரைமணி நேரத்தில் தலைமுழுகத் தண்ணீர் தயார். அந்தக் கட்டடத்தைக் கட்டிய வெள்ளைக்காரன், என்ன நினைத்தானோ, அதைக் கொண்டுபோய் மச்சாளின் அறை வாசலில் பொருத்திவிட்டான். வெள்ளிக்கிழமை முழுக்கை அவள் கண்டுகொள்ள மாட்டாள். மற்ற நாளில் விடியற்காலையில், மாதத் தீட்டுக் கழிய முழுகுவதற்குச் சிவப்பு லைற் எரிந்தால், "ஓ, இந்த மாதமும் இல்லை" என்று அவளுக்குத் தெரிந்துவிடும். என் கணவர் யோகராஜாவுக்குத் தெரிவதற்கு முன்னமே தெரிந்துவிடும். கல்யாணமாகி இரண்டரை வருடமாக என் கர்ப்பப்பையின் செய்தி ஒரு பிளாஸ்ரிக் சுவிச்சில்தான் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதமாக அந்த லைற் வெள்ளியில் மட்டும்தான் எரிந்தது. மச்சாள் ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ரெலிபோனை எடுத்தாள். "தவநாயகி முழுகாமல் இருக்கிறா" என்று கிங்ஸ்பரியிலும் இல்ஃபோர்ட்டிலும் இருக்கிற சொந்தங்களுக்குச் சொல்லி, கனடாவுக்கும் சொல்லி முடித்துவிட்டாள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கி லண்டனுக்கு அனுப்பியவள் அவள். அவனுடைய பிள்ளை விஷயத்தில் இடையில் வந்த என்னிடம் எதைக் கேட்பது?

எனக்குத் தெரியும், பிள்ளை இல்லை என்று. பத்தொன்பது வயதிலிருந்தே என் உடம்பு இப்படித்தான். தீட்டு நினைத்தால் வரும், நினைத்தால் நாலு மாதம் வராது. வராத மாதங்களில் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு நோ. இந்த முறை அது இடுப்புவரை இறங்கியிருந்தது. நாடியில், உதட்டுக்குக் கீழே, நாலைந்து முடி முளைத்திருந்தது. அவற்றைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று பிடுங்குவேன். இருந்தாலும் ஒரு நப்பாசையில் கெமிஸ்ற்றில் கர்ப்பம் பார்க்கும் பெட்டி வாங்கி வந்து, நான் தையல் வேலை செய்யும் ஃபக்டரிக் கழிப்பறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கோடுதான் வந்தது. அடுத்த கிழமையும் ஒரு கோடுதான்.

அவரிடம் சொன்னேன். பெற்றோல் ஸ்ரேஷன் ஷிப்ட்டுக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்காட்டை இப்ப சொல்லாதையும்" என்றார்.

"எனக்கு நோகுதப்பா. டொக்டரிட்டைப் போகவேணும்."

"போனால் எல்லாம் தெரிஞ்சிடும். கொஞ்சம் பொறும். சில நேரம் அந்தப் பெட்டி பிழையாக் காட்டும்."

சப்பாத்து நூலைப் பார்த்தபடியே சொன்னார். என் வயிற்றைவிட அந்த நூல் அவருக்குச் சிக்கலாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் ரெலிபோனில் சொன்ன பிறகு வந்த ஆறு கிழமையும் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. மச்சாள் இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி என் சோற்றுக் கோப்பையில் போட்டாள். "பாரம் தூக்காதையும்" என்றாள். வந்த நாளிலிருந்து என்னை "நீர்" என்று விலக்கி வைத்தவள், இரண்டொரு தடவை "பிள்ளை" என்றுகூடச் சொன்னாள். டொக்டரிடம் போனால் அந்த இறைச்சித் துண்டும் போய்விடும், பிள்ளையும் போய்விடும், நான் மலடி என்ற பெயர் ரெலிபோன் வழியே அதே வீடுகளுக்குத் திரும்பப் போகும். போகாவிட்டால் நோவு. இதற்குள் கிடந்து ஆறு கிழமை இழுத்தேன். என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. பொய்யைச் சொன்னது அவள் என்றாலும், அதைத் தின்று கொழுத்தது நான்.

கடைசியில் ஃபக்டரியில் விழுந்தேன். ஓவர்லொக் மெஷினுக்கு முன்னால் இருந்தபடியே கண் இருட்டி, முகம் துணிக் குவியலில் போய் மோதியது. பக்கத்து மெஷின் மெற்றில்டா தண்ணீர் தெளித்து எழுப்பினாள். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண். வாய் திறந்தால் மூடாது.

"பிள்ளைத்தாச்சி எண்டு ஊரெல்லாம் கதை. உன்னைப் பார்த்தால் அப்பிடித் தெரியேல்லை" என்றாள்.

"இல்லையக்கா."

"அப்ப என்ன கோதாரிக்கு வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாய்? செத்தாப் பிறகு அவை வந்து நல்லா அழுவினம். அதுக்கோ காத்திருக்கிறாய்?"

அவளே ஃபக்டரி ரெலிபோனில் டொக்டரின் சேர்ஜரிக்கு, இங்கே கிளினிக்கை அப்படித்தான் சொல்வார்கள், அடித்து நேரம் எடுத்துத் தந்தாள். நான் அடுத்த நாள் அடித்து அதை ரத்துச் செய்தேன். மெற்றில்டா திரும்ப எடுத்தாள். நான் திரும்ப ரத்துச் செய்தேன். மூன்றாம் முறையும் அவளே எடுத்தாள். நேரம் எழுதிய துண்டை என் கோட் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டுப் போய் மெஷினை ஓட்டினாள். அந்தத் துண்டை மச்சாள் கண்டுபிடித்தாள். என் கோட் பொக்கற்றுக்குள் அவளுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது.

கோபிப்பாள் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துபோய் நின்றாள்.

"பிள்ளையைப் பதியப் போறீரோ? சொல்லியிருக்கலாமே. நானும் வாறன். உமக்கு இங்கிலீஷும் வராது."

அவளுக்கு மட்டும் வந்து கிழித்தது! ஆனால் அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்படித்தான் அந்த வியாழக்கிழமை காலை, இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருத்தி பிள்ளை பதியவும் ஒருத்தி அந்தப் பிள்ளையை இல்லாமல் செய்யவும், ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

சேர்ஜரியில் எங்கள் பிளாட்டுக்குக் கீழ்வீட்டு வசந்தமலர் இருமிக்கொண்டு இருந்தாள். மச்சாளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் கோட்டைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். வசந்தமலர் இருமலை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். காலை ஊன்றினேன். அடிவயிறு ஒரு பிழி பிழிந்தது. திரும்ப இருந்துவிட்டேன்.

பழைய டொக்டர் லீவாம். புதிதாக வந்திருந்தவள் டொக்டர் ஞானரட்ணம் என்று பெயர்ப் பலகை சொன்னது. "எங்கடை ஆக்கள்" என்று மச்சாள் என் முழங்கையில் இடித்தாள். உள்ளே போனால் முப்பது வயதுகூட இராது. கழுத்தளவு வெட்டிய முடி, காற்சட்டை. இங்கே பிறந்து வளர்ந்தவள் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. எங்களைக் கண்டதும் சந்தோஷமாகத் தமிழுக்கு மாறினாள். அங்கேதான் கூத்துத் தொடங்கியது.

"என்ன பிரச்சினை?"

நான் வாயைத் திறக்க முன்னர் மச்சாள் முந்திக்கொண்டாள். "இவ மூண்டு மாசமா முழுகேல்லை, டொக்டர்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கிழமை எண்ணெய் ஊறி மினுங்கிய என் பின்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"மூண்டு மாசமா? ஒரு நாளும் முழுகேல்லையா?"

"ஒரு நாளும் இல்லை" என்றாள் மச்சாள் பெருமையாக. "நான்தானே வீட்டிலை நிண்டு பார்க்கிறனான். எனக்குத் தெரியாமல் அவ முழுக ஏலாது."

டொக்டர் மச்சாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைக் காட்டினாள். "நீ வெளியிலை போய் இரு."

மச்சாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளை "நீ" என்று சொல்ல ஊரில் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர்கூட இல்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கு வேறு தமிழ் தெரியாது. தாய் தன்னோடு பேசிய "நீ" ஒன்றுதான் அவளிடம் இருந்தது, அதையே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன சொன்னனீர்?" என்றாள் மச்சாள்.

"போ. கெதியாப் போ" என்றாள் டொக்டர், சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல.

மச்சாள் போனாள். அவள் ஒருவர் சொல்லி எழுந்து போனதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கதவு மூடியதும் டொக்டர் கதிரையை என் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பயப்பிடாதை. அவ உன்னைக் குளிக்க விடுறேல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுவிச் அவவின்ரை அறை வாசலிலை இருக்கு" என்றேன். அவள் அதையும் எழுதப் போனாள். பிறகுதான் நான் விளங்கப்படுத்தினேன். முழுகவில்லை என்றால் பிள்ளைத்தாச்சி என்று அர்த்தம் என்று. அவள் முகம் சிவந்துபோயிற்று.

"ஐயோ, சொறி. அந்தச் சொல் அம்மா எனக்குச் சொல்லித்தரேல்லை." பிறகு நேராக என்னைப் பார்த்தாள். "அப்ப, உனக்கு வயித்திலை பேபி இருக்கா?"

கதவுக்கு அந்தப் பக்கம் மச்சாளின் காப்புச் சத்தம் கேட்டது. ஓம் என்று சொன்னால் இன்னும் சில கிழமை இறைச்சித் துண்டு கிடைக்கும். பிறகு கலைந்துவிட்டது என்று ஒரு கதை சொல்லலாம், எல்லோரும் என்னோடு சேர்ந்து அழுவார்கள். அதைக்கூட நான் யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவு கேவலமாகப் போயிருந்தேன்.

"இல்லை" என்றேன். "நோ மட்டும்தான் இருக்கு."

"எங்கை நோகுது? காட்டு."

அவ்வளவுதான் கேட்டாள். அம்மா கேட்பதுபோலவே, அதே "நீ"யில். நான் உடைந்துபோனேன். இரண்டரை வருடத்தில் எத்தனை பேர் என் வயிற்றைப் பற்றி விசாரித்தார்கள், எங்கே நோகுது என்று ஒருவர் கேட்கவில்லை. கட்டிலில் படுத்து, அவள் அமத்திய இடமெல்லாம் அழுதேன். அவள் என் நாடியில் முளைத்த முடியைத் தடவிப் பார்த்தாள். சிறுநீரைச் சோதித்தாள். பிறகு ஒரு தாளில் வட்டம் ஒன்று கீறி, அதற்குள் குட்டிக் குட்டியாகப் பத்துப் பன்னிரண்டு வட்டம் போட்டாள். பொலிசிஸ்ரிக் ஓவரி என்றாள். ஸ்கான் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாமாம். நோவுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் அதில் பார்ப்பார்களாம்.

"பிள்ளை பிறக்குமா?"

"பிறக்கலாம். சுணங்கலாம். இப்ப எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

ஸ்கானுக்குக் கடிதமும் மருந்துத் துண்டும் தந்தாள். "இந்தக் குளிசை பத்து நாள் குடி. முடிஞ்ச பிறகு நீ..." சொல்லைத் தேடினாள். அகப்பட்டதும் முகம் பிரகாசமாயிற்று. "நீ முழுகுவாய்."

வெளியே மச்சாள் எழுந்து நின்றாள். "நீ" சொன்ன கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் வசந்தமலருக்குக் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தினாள். "என்னவாம்? எத்தினையாம் மாசம்?"

"முழுகச் சொன்னவ, மச்சாள்" என்றேன்.

வசந்தமலர் முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அர்த்தம் விளங்கி, குனிந்து இருமத் தொடங்கினாள். மச்சாள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பஸ்ஸில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் போய் இருந்தாள். என்னைத் தெரியாதவள்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். கடிதத்தையும் வழியில் கெமிஸ்ற்றில் வாங்கிய குளிசைப் பெட்டியையும் குசினி மேசையில், எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். பிறகு கொரிடோருக்குப் போய் மச்சாளின் அறை வாசலில் இருந்த சுவிச்சைப் போட்டேன். சிவப்பு லைற் எரிந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி.

மச்சாள் அறைக்குள்ளிருந்து வந்து அதை நிறுத்தினாள்.

"இண்டைக்கு வியாழக்கிழமை. உனக்கென்ன விசரே?"

நீர் போய் நீ வந்திருந்தது. ஆனால் டொக்டரின் நீ வேறு, இது வேறு. நான் திரும்பவும் போட்டேன். அவள் திரும்பவும் நிறுத்தினாள்.

"நான் கனடாவுக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள். "அவை பிள்ளைக்கு உடுப்புத் தைச்சு அனுப்பியிருக்கினம். நான் இனி என்னெண்டு சொல்லுறது?"

அவளுக்கும் எங்கேயோ நோகிறது என்று எனக்கு விளங்கியது. இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை. சுவிச்சைப் போட்டு, பெருவிரலை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றேன். அவளும் போகவில்லை, கையை என் கைக்குமேல் வைத்தபடி நின்றாள். எங்கள் விரல்களுக்கு இடையில் சிவப்பு லைற் எரிந்தது. அலுமாரிக்குள் தாங்கியில் இருந்த தண்ணீர் மெல்ல முனகிக்கொண்டு சூடாகத் தொடங்கியது.