அண்ணன் கூண்டில் சொன்னது

டவாலி கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் சங்கரம்மாள் பாதி எழுந்து, அது தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். தென்காசி முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் அன்றைக்கு நல்ல கூட்டம். டவாலிக்கு என்ன தொண்டையோ, ஒரு பெயரை மூன்று தடவை அவன் கத்தினால் கோயில் மொட்டைக் கோபுரத்துப் புறாவெல்லாம் கலைந்துவிடும். அப்படியும் அவளுக்குப் பயம்தான். தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன செய்வது? நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பங்குனி வெயில் வராந்தாவுக்குள்ளேயே ஏறி வந்து காலைச் சுட்டது. போகட்டும், இன்றைக்கு எப்படியும் கூப்பிடுவார்கள் என்று தூணில் சாய்ந்துகொண்டாள்.

அவள் கேட்டு வந்தது சுதந்திரம் வந்த வருஷம் நடந்த ஒரு வழக்கில் ஒரே ஒரு சாட்சி சொன்ன வாக்குமூலத்தின் நகல். சாட்சி வேறு யாருமில்லை, அவள் புருஷன் தங்கசாமியின் அண்ணன் நல்லதம்பிதான். அவர்கள் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் பெற்றது நல்லதம்பி. அவள் போய்ச் சேர்ந்த பிறகு வந்தவள் பெற்றது தங்கசாமி. அப்பாவும் கண்ணை மூடியதும் இலஞ்சியில் இருந்த தென்னந்தோப்பைச் சித்தப்பா வளைத்துப் போட்டுக்கொண்டார். தங்கசாமி பங்கு கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கில் அண்ணன் சித்தப்பாவின் சாட்சியாகக் கூண்டில் ஏறி, ‘இவன் அம்மைக்கு எங்க அப்பா தாலி கட்டவே இல்லை’ என்று சொல்லிவிட்டார் என்று ஊரே பேசியது. அன்றைக்குத் தங்கசாமி குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். எதையும் தன் காதால் கேட்கவில்லை. வழக்கு தோற்றது. ‘சேச்சே, தெரியாதுன்னுதான் சொன்னாரு, கெடுத்தது வேற சாட்சி’ என்று சொன்னவர்களும் உண்டு. தங்கசாமி அவர்களை நம்பவில்லை. அதன் பிறகு அண்ணன் வீட்டுக் கல்யாணம் காட்சி எதற்கும் போகவில்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெயும் சீயக்காயும் விற்றுக்கொண்டு, அண்ணன் என்று ஒருத்தர் இருப்பதையே மறந்தவர் மாதிரி இருந்தார்.

இப்போது அண்ணன் கடையத்தில் சாகக் கிடக்கிறார். அவர் பெண்சாதி ஆவுடைத்தாய் பஸ் ஏறி வந்து கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏட்டி சங்கரம்மா, கஞ்சித்தண்ணிகூட எறங்க மாட்டேங்குது. வாசலயே பாத்துக்கிட்டுக் கெடக்காக. தம்பிய ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லுட்டி.”

தங்கசாமி காதில் விழாதவர் மாதிரி சீயக்காய்ப் பொட்டலங்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். அவள் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எங்க அம்மய அவன் அப்படிச் சொல்லலன்னு கோர்ட்டுக் காயிதம் இருந்தாக் கொண்டா. போறேன். இல்லன்னா பேச்ச விடு.”

“நீங்களே போயி ஒரு மனு எழுதிக் குடுக்கப்படாதா?”

“அந்தப் படியில இனி நான் கால் வைக்க மாட்டேன்.”

அடேயப்பா, என்ன வீம்பு! அதற்காகத்தான் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத சங்கரம்மாள் கோர்ட்டுப் படியேறினாள்.

ஒலி முகம்மது என்கிற வக்கீல் குமாஸ்தா கிடைத்தது அவள் செய்த புண்ணியம். வழக்கு நம்பர் தெரியாது, சித்தப்பா பெயரும் வருஷமும்தான் தெரியும் என்று இவள் நின்றபோது, மனிதர் முணுமுணுத்துக்கொண்டே பழைய பதிவேட்டை எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்து நம்பரைக் கண்டுபிடித்தார். மனு எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த சிக்கல்.

“கேஸ் போட்டது ஒம் வீட்டுக்காரரு. நீ வெளியாளு தாயி. வெளியாளு கேட்டா எதுக்கு வேணும்னு சத்தியம் பண்ணி எழுதணும்.”

“அண்ணனும் தம்பியும் பேசணும். அதுக்குத்தான் அண்ணாச்சி.”

“இத எழுதுனா முன்சீபு சிரிப்பாரு. சொத்து விசயமாத் தேவைப்படுதுன்னு போடுதேன்.”

“பொய்யில்லியா?”

“கூடப் பொறந்தவன் சொத்து இல்லியா? பெருவிரல நீட்டு.”

முன்சீப் அனுமதி கொடுத்தார். இனி எத்தனை ஸ்டாம்புக் காகிதம் வேண்டும் என்று ஆபீசில் கேட்பார்கள், வாங்கிக் கட்டினால் நகல் எழுதித் தருவார்கள் என்று சொல்லிவிட்டு ஒலி முகம்மது தன் வக்கீலோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். கோர்ட்டில் எதைக் கேட்பதானாலும் டவாலியை விட்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள் என்பதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். பிறகென்ன? முந்தியில் பணத்தை முடிந்துகொண்டு தினமும் வந்து உட்கார்ந்தாள்.

ஊரிலிருந்து திரும்பிய ஒலி முகம்மது அவளை வராந்தாவில் பார்த்ததும் நின்றார்.

“என்ன தாயி, ஸ்டாம்பு கட்டிட்டியா?”

“இன்னும் கூப்பிடலியே அண்ணாச்சி.”

“கூப்பிடவா? அங்கன பலகையில ஒட்டுவாங்கம்மா!” அவர் ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தார். ஒட்டி, தவணை முடிந்து, கட்டவில்லை என்று மனுவைத் தள்ளியும் விட்டிருந்தார்கள். அவள் சாய்ந்திருந்த தூணுக்குப் பின்னால்தான் அந்தப் பலகை. ஒலி முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். “எம்மேலதான் தப்பு. ஒனக்குப் படிக்கத் தெரியாதுன்னு யோசிக்காமப் போயிட்டேனே.” சங்கரம்மாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இங்கே இவள் தூணைக் காவல் காத்திருக்கிறாள். இவளை மாதிரி ஒரு கூறுகெட்டவள் உண்டா?

மறுபடி மனு, மறுபடி சத்தியம். இந்தத் தடவை பலகையை ஒலி முகம்மதே போய்ப் போய்ப் பார்த்தார். சாயங்காலமானால் சங்கரம்மாள் கடையம் பஸ் வருகிற இடத்தில் நின்று, தெரிந்த முகம் இறங்கினால் விசாரிப்பாள். உயிர் இருக்கிறது என்பார்கள். வீட்டுக்கு வந்து தங்கசாமியிடம் சொல்லுவாள். அவர் கேட்டுக்கொண்டே பொட்டலம் மடிப்பார். ஆனால் ராத்திரி பாயில் புரண்டுகொண்டே இருப்பார். ஒருநாள் பொழுது விடியும்போது சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள். கேட்டதற்குக் காலாற நடந்தேன் என்றார்.

கடைசியில் நகல் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. ஒலி முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தனக்குள் படித்தார். அவர் முகம் போன போக்கிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“‘வாதியின் தாயாருக்கு என் தகப்பனார் தாலி கட்டவில்லை. சேர்த்து வைத்திருந்தார்.’ அப்படித்தாம்மா இருக்கு.” அவர் தாளைத் திருப்பினார். “குறுக்கு விசாரணையில ஒன்ன யாரு வளத்தான்னு கேட்டிருக்காங்க. ‘அந்த அம்மாள்தான் என்னை வளர்த்தார்’னு சொல்லிருக்காரு.”

சங்கரம்மாள் காகிதத்தை வெடுக்கென்று வாங்கி மடித்தாள். பாவி மனுஷன். மாமியார் கையால் தின்று வளர்ந்துவிட்டு அவளையே இப்படிச் சொல்ல எப்படி நாக்கு எழுந்தது? கிடக்கட்டும், அப்படியே கிடந்து சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். குற்றாலம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கோபம் ஆறவில்லை. ஆனால் நினைக்க நினைக்க, சாகப்போகிறவர் முகத்தைவிடச் சாகாமல் பாயில் புரளுகிறவர் முகம்தான் அவள் கண்ணில் நின்றது. அண்ணன் போய்விட்டால் அவர் பாடு அதோடு முடிந்துவிடுமா என்ன?

தங்கசாமி கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். அருவியில் தண்ணீரும் இல்லை, பாதையில் ஆளும் இல்லை. அவள் நீட்டிய காகிதத்தை வாங்கி, இங்கிலீஷ் எழுத்துப் புரியாமல் கோர்ட்டு முத்திரையை விரலால் தடவினார்.

“சொல்லிருக்கானா?”

“சொல்லல.” இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. “தெரியாதுன்னுதான் சொல்லிருக்காக.”

அவர் அவளையே பார்த்தார். அவள் குனிந்து, கீழே கிடந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

“சரி. இதக் கொண்டுபோயி அவன் மகன் காந்திமதிநாதன்ட்டக் குடுக்கணும். காலேஜு படிச்சவன்லா. எல்லாரும் கேக்க வாசிக்கச் சொல்லணும்.”

அவள் காகிதத்தை வாங்கிவிடக் கையை நீட்டினாள்.

“காயிதம் எதுக்கு? நீங்க போனாப் போதாதா?”

“இருக்கட்டும்” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவள் பின்னாலேயே போனாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் திரும்பிவிடுவார். சொல்லாவிட்டால் சாகிற வீட்டில் நாலு பேர் முன்னால் அந்தப் பையன் அதை உரக்கப் படிப்பான். அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. தங்கசாமி படியில் ஒரு காலை வைத்தவர் நின்று, பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீயே வச்சுக்க. மழையில நனஞ்சிரும்.”

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டது. சங்கரம்மாள் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.