திம்மப்பன் கேட்ட பெட்டி

ஒரு கண்ணில் பார்வை போனவன் வண்டி ஓட்டக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்திக்கொண்டேன். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது கிரைண்டிங் மெஷினிலிருந்து இரும்புத்தூள் தெறித்து இடது கண் போயிற்று. அதற்குப் பிறகு லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. வீட்டோடு முடங்கிக் கிடந்தவனை, "பின்னாடி ஏறுடா சுடலை, ரோட்ட நான் பாத்துக்கறன்" என்று தன் புல்லட்டில் ஏற்றிக்கொண்டு போனவன் திம்மப்பன். இன்றைக்கு அவன் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவன் செய்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவன் கெலவரப்பள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், என்னோடு தமிழ். நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். நான் வேலை பார்த்த தகடு ஷெட்டுக்கு அடுத்த கம்பெனியில் அவன் அசெம்பிளி லைனில் நின்றான். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துவிட்டால் எங்களுக்கு லீவு. மறுநாள் விடியும்போதே புல்லட் கிளம்பிவிடும். வயநாடு, சிக்மகளூர், கன்னியாகுமரி என்று வருஷத்துக்கு ஓர் ஊர். முன் சீட்டில் அவன், பின் சீட்டில் நான். வழி கேட்பது, பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்துச் சொல்வது, மழை வந்தால் பையைக் கட்டிப்பிடித்துக்கொள்வது எல்லாம் என் டிபார்ட்மெண்ட்.

ஹேண்டில்பாரில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் கட்டியிருந்தான். வண்டி அறுபதைத் தாண்டினால் பாட்டு அவனுக்கே பாதிதான் கேட்கும், எனக்கு வெறும் காற்றுதான். அதனால் அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பாட்டை எனக்குக் கத்திப் பாடிக் காட்டுவான். சகிக்காத குரல். எனக்கு அது பிடித்திருந்தது.

2008-இல் அவனுக்குப் பெங்களூரு பைக் குரூப் ஒன்று பழக்கமாயிற்று. அன்றிலிருந்து நம்ம ஆளுக்கு 'பேஸ்' வியாதி, பாட்டு நெஞ்சில் இடிக்க வேண்டுமாம். சின்ன ஸ்பீக்கரெல்லாம் குப்பையாம். நாலு ஓவல் ஸ்பீக்கர் வேண்டுமாம், கார் ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம், அதை இழுக்கப் புல்லட் பேட்டரி தாங்காது என்பதால் தனியாக இன்னொரு பேட்டரி வேண்டுமாம்.

"இந்த வருஷம் கோவா மச்சா. பாட்டு சும்மா அதிரணும். ஆம்ப், பேட்டரி ரெண்டும் உள்ள உக்கார்ற மாதிரி ஒரு பெட்டி மட்டும் நீ செஞ்சி குட்றா" என்று ஒரு டிராயிங்கை நீட்டினான்.

எங்கள் ஷெட் ஜாப் ஒர்க் ஷெட். டிராயிங் வரும், வெட்டுவோம், வளைப்போம், துளை போடுவோம், அனுப்புவோம். அந்தத் தகடு எந்த வண்டியில் எந்த மூலைக்குப் போகிறது என்று நாங்கள் கேட்பதுமில்லை, பார்ட்டி சொல்வதுமில்லை. அளவு சரியாக இருக்கிறதா, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதே புத்தியோடுதான் திம்மப்பனின் டிராயிங்கையும் வாங்கினேன். பெட்டியின் அடித்தகடு மட்டும் லேசாக வளைந்திருந்தது. சீட்டுக்குப் பின்னால் கேரியரில் வைக்கிற பெட்டிக்கு அடி தட்டையாகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி என் வாயில் வரவே இல்லை. டிராயிங்கில் வளைவு இருந்தது, வளைத்தேன்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிந்து நின்று அந்தப் பெட்டியைச் செய்தேன். ஆம்ப்ளிஃபயர் சூடு வெளியேறப் பக்கவாட்டில் துளைகள், மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. டிராயிங்கில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். நெடுந்தூரம் போனால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பெட்டியின் முன்பக்கத்தில் ரெக்ஸின் போட்டு ஒரு குஷன் ஒட்டினேன். சாய்ந்துகொண்டே கோவா போகலாம் பாருங்கள், அந்த ஆசை.

"பாட்டு கேக்கதுக்குக் கோவா வரைக்கும் போணுமாக்கும்? நம்ம வீட்டு ரேடியோவுக்கு என்ன கேடு?" என்று என் பெண்டாட்டி பூங்கொடி கேலி செய்தாள். கேலி செய்தவள்தான் அந்த ரெக்ஸினைத் தைத்தும் கொடுத்தாள்.

பூஜைக்கு முந்தின ஞாயிறு திம்மப்பன் போன் செய்தான். "கிருஷ்ணகிரி வாடா. அக்பர் பாஷா பாய் கடையில ஃபிட்டிங் நடக்குது. நீ இல்லாம ஆவாது."

நீ இல்லாமல் ஆகாது என்ற வார்த்தை எனக்கு அவ்வளவு இனித்தது. முதல் ஓட்டத்துக்குத்தான் கூப்பிடுகிறான், திரும்பும்போது பாட்டோடு வண்டியில் வருவோம் என்று நினைத்தேன். ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குந்தாரப்பள்ளி தாண்டும்போதே மனசு கோவாவுக்குப் போய்விட்டது.

கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை அது. புல்லட் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. என் பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். ஒயர் இழுக்கக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"வாங்கண்ணா" என்றார் பாஷா. கையில் சால்டரிங் கம்பி. "வேலைன்னா இது வேலை. மூணு போல்ட் உக்காந்துடுச்சி, நாலாவதுதான் மாட்டேங்குது. பழைய வண்டி இல்லிங்களா, பட்டை கோணிப்போயிருக்கு. ஓட்டைய கொஞ்சம் ராவிக் குடுத்தீங்கன்னா முடிஞ்சிடும்."

"சரி பாய். கேரியர் எங்க இருக்கு?"

"கேரியரா? கேரியரே கெடையாதேண்ணா. சீட் இருந்த எடத்துலதான் பெட்டி." சுவரோரம் கையைக் காட்டினார். "அந்த சீட்ட நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா? கடையில எடமில்ல."

அப்போதுதான் மட்கார்டைப் பார்த்தேன். அடித்தகட்டுக்கு நான் கொடுத்த வளைவு அதில் அப்படியே இருந்தது.

திம்மப்பன் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். என் கையைப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட் எதுக்குடா எடுத்தாந்த?" என்று கேட்டான்.

"ஏலே, நான் எங்கலே உக்காருவேன்?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "குரூப்ல எல்லாரும் தனித்தனியாத்தான் வர்றாங்க மச்சா. பின்னாடி ஆள வெச்சிக்கினு வந்தா ஸ்பீடு வராதுன்றாங்க. கோச்சிக்காத. அடுத்த வருஷம் நம்ம ரெண்டு பேரும் போலாம்."

"எப்படி? பெட்டி மேல குத்தவச்சா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "உன் குஷன் என் முதுவுக்கு சூப்பரா இருக்குதுடா" என்றான். சமாதானம் சொல்கிறானாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறேன். ஏமாறுகிறவன் கையாலேயே அதற்குச் சாமான் செய்ய வைத்து, அதற்கு மெத்தையும் தைத்து வாங்கிக்கொள்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டிராயிங் தரும்போதே உனக்குத் தெரியுமால?"

அவன் மறுபடியும் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டான். பாஷா தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது.

"ஏம்ல சொல்லல?"

திம்மப்பனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சொல்லியிருந்தா நீ பெட்டி செஞ்சி குடுத்திருப்பியாடா?" என்றான்.

ஹெல்மெட்டைத் தரையில் வைத்தேன். பாஷாவிடம் வட்ட அரம் வாங்கி, கோணியிருந்த பக்கம் பார்த்து ஓட்டையை ராவினேன். இரும்புத்தூளை ஊதித் துடைத்தேன். பெட்டியைத் தூக்கி மட்கார்டில் வைத்ததும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. நாலு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினேன். அவன் பக்கத்திலேயே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், ஏதோ எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி. பாஷா பாட்டைப் போட்டார். கடைத் தகரமே அதிர்ந்தது.

"தேங்க்ஸ்டா மச்சா. நீ புரிஞ்சிப்பன்னு எனக்குத் தெரியும்" என்று தோளைத் தொட்டான்.

கையைத் தட்டிவிட்டேன்.

"சொல்லியிருந்தாலும் செஞ்சிருப்பேம்லே" என்றேன்.

பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. என்னடா என்பது போலக் காதைக் கிட்டே கொண்டுவந்தான். இன்னொரு முறை சொல்ல எனக்கு மனசில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் பிடிக்கப் போனேன்.